செவ்வாய்க்கிழமை பெஞ்சு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை எங்கிட்ட குடுங்க, மடியில வச்சுக்கிறேன். மேல வச்சா பிரேக் அடிக்கிறப்ப தலையில விழும். தேனி வரைக்குமா? நானும் தேனிதான். ஆரப்பாளையத்துல ஏறினா உசிலம்பட்டி தாண்டுறவரைக்கும் கூட்டம் இப்பிடித்தான் இருக்கும். நமக்கு சீட்டு கெடைச்சதே பெருசு.

முழங்கையில பஞ்சு ஒட்டியிருக்கே, ரத்தம் எடுத்தீங்களா? கம்பெனியில சேர மெடிக்கலா, நல்லது. சுகர் பாத்திருப்பாங்க, இன்னும் என்னென்னமோ பாத்திருப்பாங்க. ஹெபடைட்டிஸ் பி பாத்தாங்களா? மஞ்சக்காமாலையில ஒரு வகை. பாத்திருந்தா, எங்கேயோ ஒரு ஆபீசுல ஒரு கட்டத்துல இந்த மாசம் உங்களையும் சேத்து ஒண்ணு கூட்டுவாங்க. சிரிக்காதீங்க. அந்தக் கட்டத்தை நிரப்புறதுதான் எனக்கு வேலை, இருபத்திரெண்டு வருஷம்.

என் பேரு குருசாமி. சுகாதாரத்துறையில புள்ளியியல் உதவியாளர். ரிட்டையராகி எட்டு மாசம் ஆச்சு. எந்த மாவட்டம்னு கேக்காதீங்க. நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன், மாவட்டத்துப் பேரு எதுக்கு. முப்பத்தோரு ஆரம்ப சுகாதார நிலையம். மாசம் முடிஞ்சா ஒவ்வொண்ணுல இருந்தும் அறிக்கை வரும். மாசமா இருக்கிற பொம்பளைக எத்தனை பேர் பதிஞ்சாங்க, அதுல எத்தனை பேருக்கு இந்த டெஸ்ட் எடுத்தாங்க, எத்தனை பேருக்கு இருக்குன்னு வந்துச்சு. மூணே எண்ணு. அதை வாங்கி, கூட்டி, போன மாசத்தோட வச்சுப் பாத்து, ஏறுதா எறங்குதான்னு சொல்லணும். அம்புட்டுதான். கேக்கத்தான் அம்புட்டு. வாங்கிப் பாத்தாத் தெரியும்.

எதுக்கு இந்த டெஸ்டுங்கிறீங்க? அம்மாவுக்கு இந்தக் கிருமி இருந்தா, பிள்ளை பொறந்த அன்னைக்கே ரெண்டு ஊசி போட்டுறணும். போட்டா பெரும்பாலும் பிள்ளை தப்பிச்சுக்கும். விட்டுட்டா, பிள்ளையோட ஈரல்ல ஏறி ஆயுசுக்கும் அங்கேயே கெடக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. நல்லா ஓடியாடித் திரியும். முப்பது வருஷம் நாப்பது வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். அதனால ஒரு பொம்பளையக்கூட விடக்கூடாது. நூத்துக்கு நூறு எடுக்கணும். இதை நான் அதிகாரிகளுக்கே பாடம் எடுத்திருக்கேன்.

கம்ப்யூட்டர் வந்த பெறகும் நான் கிராஃப் தாள்ல பென்சில்லதான் போடுவேன். கம்ப்யூட்டர்ல போட்டா மூடி வச்சதும் மறந்துரும். சுவத்துல இருந்தா காப்பி குடிக்கும்போதும் கண்ணுல படும். எங்க வீட்டுக் கூடத்துல முப்பத்தோரு ஊரு கிராஃப் ஒட்டியிருக்கு. மத்தவங்க வீட்டுல பேரன் பேத்தி போட்டோ இருக்கும்.

எம்பொஞ்சாதி அன்னத்தாய் இருந்தவரைக்கும் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டா. அவ போயி பதினோரு வருஷம் ஆச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயித்துல தண்ணி கோத்து, மூணே மாசம். காமாலைன்னாங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம், ஊர் ஊரா வைத்தியர்கிட்டப் போனோம். சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது பொட்டு சமாச்சாரம்.

அஞ்சு வருஷத்துக்கு முந்தி. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. எல்லாரும் அவங்கவங்க கர்ப்பகால அட்டையக் கொண்டாந்து மேசையில அடுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. எனக்கு எண்ணு சரியா வேணும். நர்சுக பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை, நாலுன்னு எழுத வேண்டியதை மூணுன்னு எழுதிருவாங்க. ஒவ்வொரு அட்டையா பிரிச்சு உள்ள பாத்து எண்ணுனா பொழுது போயிரும். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. டெஸ்டுல இருக்குன்னு வந்தவங்க அட்டை மேல ஒரு அடையாளம் வச்சிட்டா என்ன? பிரிக்கவே வேணாம், விசிறி மாதிரி விரிச்சு எண்ணிறலாம். அடையாளத்துக்கு ஆபீசுல ஒண்ணும் குடுக்க மாட்டான். நானே கடைத்தெருவுக்குப் போயி ஸ்டிக்கர் பொட்டு வாங்கிட்டு வந்தேன். நெத்தியில வைக்கிற பொட்டுதான், பெரிய சைஸு, நல்ல செவப்பு. முப்பத்தோரு ஊருக்கும் அட்டை அட்டையா குடுத்து விட்டேன்.

ஒரே மாசத்துல கணக்கு கண்ணாடியாயிருச்சு. ஆய்வுக் கூட்டத்துல மேலதிகாரி என்னைய எந்திரிக்கச் சொல்லி, "இவர மாதிரி யோசிக்கணும்"னாரு. கை தட்டுனாங்க. பொய் சொல்லலை.

அப்ப எம்மக சுகந்திக்குக் கல்யாணம் ஆகலை. ஒரே பொண்ணு. வீட்டுல நாங்க ரெண்டே பேர். சாப்பிட உக்காந்தா நான் அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் அவகிட்டத்தான் சொல்லுவேன், வேற யாரு இருக்கா. "கீழமுத்தூரணியில இன்னைக்கு நாலு பொட்டும்மா"ம்பேன். அவ சோத்தைப் போட்டுட்டு, "யாருப்பா அவங்க"ம்பா. "யாரா இருந்தா என்ன, நமக்கு எண்ணுதான"ம்பேன். பேர் சொல்ல மாட்டேன் தம்பி, அதுல நான் சுத்தம். எனக்குப் பேரே தெரியாது. ஒருநாள் கேட்டா, "அந்த நாலு பேருக்கும் யாராச்சும் பக்கத்துல உக்காந்து பயப்படாதீங்கன்னு சொன்னாங்களாப்பா?" அது நர்சு வேலைம்மான்னேன். ரசம் ஊத்துனா. நான் அடுத்த ஊரு கணக்கைச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.

அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சு தேனிக்குப் போனா. மாப்பிள்ளை மருது ஏலக்காய்க் கடையில வேலை, நல்ல பையன். அந்த வருஷந்தான் கிராஃப் சரிய ஆரம்பிச்சுச்சு. கீழமுத்தூரணியத்தான் சொல்றேன், அதுதான் ரொம்ப மோசம். நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேருக்கு டெஸ்ட் எடுத்த ஊரு. எம்பத்தெட்டு ஆச்சு, எழுவத்தொண்ணு ஆச்சு, அம்பத்தி மூணுக்கு வந்துருச்சு.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. டெஸ்ட் எடுக்கிறது குறைஞ்சா, இருக்குன்னு வர்றதும் குறையும்ல? ஆபீசுல அதைப் பாத்துட்டு, நோய் குறைஞ்சிருச்சுன்னு சந்தோசப்பட்டாங்க. நான் ஒருத்தன்தான் எந்திரிச்சு, "ஐயா, நோய் குறையலை, நாம பாக்குறதுதான் குறைஞ்சிருக்கு"ன்னேன். அன்னைக்கு யாரும் கை தட்டலை.

டெஸ்ட் எடுக்கிற கிட் இருக்கு, எடுக்க ஆள் இருக்கு, மாசமா இருக்கிறவங்க இருக்காங்க. அப்ப ஏன் குறையுது? விசாரிச்சா, "வெளியில எடுத்துட்டோம்"ங்கிறாங்களாம். பஸ் ஏறி பக்கத்து மாவட்டத்துக்குப் போயி, தனியார் லேபுல எடுக்கிறாங்களாம். சில பேரு எங்கயும் எடுக்கிறதே இல்லையாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சும்மா எடுக்கிறதை விட்டுட்டு எதுக்குய்யா ஊர் விட்டு ஊர் ஓடணும்? ஓடுகாலிகன்னு திட்டிருக்கேன். நர்சுகளுக்கு விளக்கம் கேட்டு ஓலை மேல ஓலையா அனுப்புனேன்.

கடைசியில நானே நேர்ல போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை. அங்க தாயம்மா நர்சுன்னு ஒருத்தங்க. ஒடிசலா இருப்பாங்க, ஆனா வாயி ஒடிசல் இல்ல. நான் போறப்ப வராந்தாவுல ரெண்டு பெஞ்சு. ஒரு பெஞ்சுல ஏழு பேரு நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. எல்லாரும் வயித்துப்பிள்ளைக்காரிக, எடம் எப்பிடிப் பத்தும். ஒருத்தி பாதி வெளியில தொங்குறா. இன்னொரு பெஞ்சுல ஒரே ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு, மஞ்சச் சேலை. அட்டையக் குப்புறக் கவுத்து மடியில வச்சு ரெண்டு கையாலயும் மூடியிருக்கு. மத்தியானம் சாப்பாடு போட்டாங்க. ஏழு பேருக்கும் எவர்சில்வர் தட்டு, அந்தப் பொண்ணு வீட்டுல இருந்தே ஒரு தட்டு கொண்டு வந்திருந்துச்சு.

தாயம்மா நர்சு என்னைய உள்ள கூப்பிட்டு, "சார், அட்டையில ஒட்டுற பொட்டு இனிமே வேணாம்"னாங்க. "மாமியா பாக்குறா, பக்கத்துல உக்காந்தவ பாக்குறா, ஆட்டோக்காரன் பாக்குறான். பிச்சு எடுத்தாலும் பிச்ச எடம் தெரியுது. அட்டையே தொலைஞ்சு போச்சுங்கிறாளுக. டெஸ்ட் எடுத்தாத்தான பொட்டுன்னு, டெஸ்டே வேணாங்கிறாளுக."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அறிவில்லாத ஜனங்களுக்காக நாம முறையை மாத்த முடியாதும்மா. பக்கத்துல உக்காந்தா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாது, ரத்தத்துலயும் புருஷன் பொஞ்சாதி சேர்க்கையிலயும்தான் பரவும்னு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்"னேன். சரியாத்தான சொன்னேன்? வாயால சொன்னது அம்புட்டும் சரி. அந்தப் பொண்ணுக்கிட்டப் போயி பக்கத்துல உக்காந்து காட்டியிருக்கலாம். எனக்கு அது தோணவே இல்ல. திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். "கர்ப்பிணிப் பெண்கள் அமர போதிய இருக்கை வசதி இல்லாமையால் வருகை குறைகிறது. கூடுதலாக ஒரு பெஞ்சு வழங்க வேண்டும்."

பெஞ்சு வந்துச்சு தம்பி. கேளுங்க, அதான் வேடிக்கை. பெஞ்சு வந்த மாசத்துல இருந்து கீழமுத்தூரணி கிராஃப் ஏறுச்சு. அறுவது, எழுவத்தெட்டு, தொண்ணூறு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். என்னோட பிரிவு உபசார விழாவுல அந்தப் பெஞ்சப் பத்தித்தான் பேசினாங்க. நானும் கண்கலங்கி ஒரு கால் மணி நேரம் பேசினேன்.

இதுக்கு நடுவுல சுகந்தி உண்டானா. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். மூணாம் மாசம் ஒரு வாரம் வீட்டுக்கு வந்தா. எனக்குத் தலைகால் புரியலை. "இங்கயே பதிஞ்சுக்கம்மா, டெஸ்ட் எல்லாம் இங்கயே எடுத்துக்கலாம், நம்ம எண்ணிக்கையில ஒண்ணு சேரும்"னேன். "அங்கயே எடுத்துட்டேன்ப்பா"ன்னா. சுவத்துல இருந்த கிராஃபப் பாத்துக்கிட்டே சொன்னா. எனக்கு ஒண்ணு போச்சேன்னு இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், "நீயும் ஓடுகாலியா"ன்னு. அவ சிரிக்கலை. நாலாம் நாளே கெளம்பிட்டா.

தலைப்பிரசவம் அப்பன் வீட்டுலதான நடக்கணும். வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டு வரலாம்னு காரு பேசி வச்சிருந்தேன். வரமாட்டேன்னுட்டா. "அங்க அம்மா இல்ல, யாருப்பா பாத்துக்குவாங்க"ன்னா. வாஸ்தவந்தான். ஆனாலும் எனக்கு வலிச்சுச்சு. நான் வெந்நீர் வைக்க மாட்டேனா, கஞ்சி காய்ச்ச மாட்டேனா? பேரன் பொறந்தான். ஆஸ்பத்திரிக்கு வரட்டுமான்னேன், அப்பறம் வாங்கப்பான்னா. பேரு வைக்கிறதுக்கு வரட்டுமான்னேன், சின்னதாத்தான் செய்யிறோம்ப்பான்னா. எனக்கும் ரோசம் வந்துருச்சு. கூப்பிடாத எடத்துக்கு எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன். ஒன்றரை வருஷம் ஆச்சு தம்பி. பேரனைப் போன்லதான் பாத்திருக்கேன். தாத்தான்னு சொல்றான், ஆனா போனப் பாத்துத்தான் சொல்றான்.

ரிட்டையரான பெறகு வீடு ரொம்பப் பெருசாப் போச்சு. காலையில எந்திரிச்சா கிராஃப் இருக்கு, போடுறதுக்கு எண்ணு இல்ல. ஆபீசுக்குப் போன் போட்டு இந்த மாசம் எத்தனைன்னு கேப்பேன். ரெண்டு மாசம் சொன்னாங்க, மூணாவது மாசம் எடுக்கலை. சமைக்கிறது ஒரு நேரம், தின்கிறது மூணு நேரம். யாருகிட்டயும் பேசாம ரெண்டு நாள் போயிரும், மூணாம் நாள் பால்காரன்கிட்டப் பேசுனா கொரல் கரகரங்கும்.

போன வாரம் மாப்பிள்ளை போன் பண்ணாரு. "மாமா, சுகந்திக்குத் தெரியாமப் பேசுறேன்"னாரு. "அவளுக்கு அந்த ஹெபடைட்டிஸ் பி இருக்கு மாமா. மாசமா இருக்கும்போதே தெரியும். பிள்ளைக்குப் பொறந்த அன்னைக்கே ஊசி போட்டாச்சு, இப்ப டெஸ்ட் எடுத்தோம், அவனுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கும் ஈரல் நல்லாத்தான் இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லியிருக்காங்க. கூடப் பொறந்தவங்க, பெத்தவங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு மாமா. உங்ககிட்டச் சொல்லுன்னு நானும் ரெண்டு வருஷமா சொல்றேன். அவ மாட்டேங்கிறா."

 பெறகு அவளுக்கே போன் போட்டேன். "ஏம்மா, இதே வேலையில இருந்தவன்ம்மா நான், எங்கிட்ட ஏன் சொல்லலை"ன்னேன். பேரன் எதையோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சொன்னா, "சொல்லியிருந்தா என்னையும் சேத்து எத்தனைன்னு எண்ணியிருப்பீங்கப்பா. எனக்கு அப்ப அப்பாதான் வேணும்னு இருந்துச்சு."

போனை வச்சுட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

அன்னைக்குப் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். முப்பத்தோரு ஊரு. எம்மக அதுல எங்கயும் இல்ல. அவளுக்கு எங்க இருந்து வந்திருக்கும்? அவ ஆத்தாகிட்ட இருந்துதான வந்திருக்கணும். அன்னத்தாய் மூணு மாசம் படுத்துக் கெடந்தா. நான் தெனம் ஆபீசுக்குப் போயி மாவட்டத்துல எத்தனை பேருக்கு காமாலைன்னு கூட்டிக்கிட்டு இருந்தேன். எம்பொஞ்சாதிக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்னு தோணலை. கீழாநெல்லிதான் அரைச்சேன். அவளும் எந்தக் கட்டத்துலயும் இல்ல.

மறுநாள் தாயம்மா நர்சுக்குப் போன் பண்ணேன். பொட்டு ஒட்டுறதை இப்பவாச்சும் நிறுத்துங்கம்மான்னு சொல்லத்தான். அந்தம்மா, "சார், அதை நான் நிறுத்தி மூணு வருஷம் ஆகுது. நீங்க பெஞ்சு அனுப்புனீங்கல்ல, அந்த மாசமே நிறுத்திட்டேன். உங்களுக்கு எண்ணு மட்டும் சரியா எழுதி அனுப்பிக்கிட்டு இருந்தேன்"னாங்க. கோவமாச் சொல்லலை. பெஞ்சு நல்ல பெஞ்சுதான் சார், தேக்குன்னு வேற சொன்னாங்க.

உசிலம்பட்டி வந்துருச்சா. கூட்டம் கொஞ்சம் எறங்குது பாருங்க.

இன்னைக்குக் காலையில நான் மதுரையில டெஸ்ட் எடுத்தேன் தம்பி. இந்தா, எனக்கும் பஞ்சு இருக்கு, சட்டைக் கைக்குள்ள மறைச்சிருக்கேன். எங்க மாவட்டத்துல எந்த சுகாதார நிலையத்துக்குள்ள நுழைஞ்சாலும் வாங்க சார்னு நாற்காலி போடுவாங்க. அதான் போகலை. ரெண்டு பஸ் மாறி, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாத ஒரு லேபுக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு பேர் கேட்டுச்சு. முருகையான்னு சொன்னேன். வாயில தானா வந்துச்சு. ஊர் கேட்டுச்சு, அதுவும் வேற சொன்னேன். ஓடுகாலின்னு எத்தனை பேரைத் திட்டினேன். அவளுக ஒவ்வொருத்தியும் பஸ்ஸுல எப்பிடிப் போயிருப்பாளுகன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வயித்துப் பிள்ளையோட, வாந்தியோட, யாராவது தெரிஞ்சவங்க ஏறிருவாங்களோன்னு பாத்துப் பாத்து.

ஒரு மணி நேரத்துல சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஜன்னல்ல வச்சுச் சொல்லாம உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னுச்சு. எனக்கும் இருக்கு தம்பி.

பயந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. டாக்டரைப் பாக்கணும், ஈரல் எப்பிடி இருக்குன்னு பாக்கணும், தேவைன்னா மாத்திரை இருக்கு. இதெல்லாம் நான் ஊருக்கே சொன்னதுதான். ஆனா இன்னைக்கு ரிசல்ட்டைக் கையில வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னேன் பாருங்க, யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு. எண்ணா இல்லாம, எனக்கு இப்பிடி இருக்குன்னு சொல்லணும். சுகந்திக்குப் போன் போட்டேன். "டெஸ்ட் எடுத்துட்டேம்மா"ன்னேன். "என்ன வந்துச்சு"ன்னு கேக்கலை. "சாப்பிட்டீங்களாப்பா, நேரா கெளம்பி இங்க வாங்க"ன்னா. வாங்கன்னு அவளா சொல்லி ஒன்றரை வருஷம் ஆச்சு.

நீங்க எதோ கேக்க வர்ற மாதிரி இருந்துச்சு. இல்லையா. சரி.

அந்தா முன்னால ஜன்னல் சீட்டு காலியாயிருச்சு. அங்க போறீங்களா? போங்க போங்க. காத்து நல்லா வரும், அடுத்தாப்புல ஆண்டிபட்டி கணவாய் வருது. இந்தாங்க உங்க பை. நான் மடியில வச்சிருந்தேன்ல, அதனால ஒண்ணும் ஆகாது. ஆனாலும் துடைச்சுக்கிறதுன்னா துடைச்சுக்கங்க, நான் தப்பா நெனைக்கலை. எடம் பத்தலைன்னுதான் போறீங்க. அப்பிடித்தான் நானும் எழுதியிருப்பேன்.

போயி உக்காருங்க தம்பி. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எம்மக வர்றேன்னிருக்கா. ஆட்டோவுல எம்பக்கத்துல உக்காந்துக்குவா.